சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஒரு சட்டம், தனியாருக்கு ஒரு சட்டம்

கொச்சி மட்டாஞ்சேரிப் பக்கம் தமிழ் காதில் விழுவது புதிதல்ல. கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபி கானாவில் துவைப்பவர்கள் பல தலைமுறைக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சர்க்கார் ஆஸ்பத்திரி. கையில் காசிருந்தால் தனியார். சிகிச்சையில் தப்பு நடந்தால் இரண்டிலும் ஒரே நியாயம் கிடைக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை.

1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் டாக்டர் என்ற சொல்லே கிடையாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 1992ல் தேசிய நுகர்வோர் ஆணையம், சிகிச்சையும் சேவைதான் என்றது. நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 1994ல் நேர்மாறாக, நோயாளி நுகர்வோரே அல்ல என்று சொல்லிவிட்டது! ஆக, வாளையாறு தாண்டினால் உரிமை மாறும் என்ற நிலை.

கடைசியில் 1995 நவம்பர் 13 அன்று வி.பி. சாந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடிவு சொன்னது. 'தனிப்பட்ட பணி' சட்டத்துக்கு வெளியே என்று டாக்டர்கள் தரப்பு வாதாடியது. வீட்டு வேலைக்காரர் எஜமான் சொன்னபடி செய்வதுதான் அந்த வகை. டாக்டருக்கு நோயாளி எஜமான் இல்லையே என்றது கோர்ட். ரொம்பத் தெளிவான பதில் என்பேன். ஆனால் எல்லாருக்கும் எல்லாமே இலவசமாகத் தரும் ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள் வராது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. காசில்லாதவனுக்குத்தான் கதவு சாத்தியது. இது எனக்கு இன்றும் உறுத்தும் இடம்.

அவனுக்கு வேறு வழி 1996ல் வந்தது. வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த ஒரு கூலித் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அது உயிர்வாழும் உரிமையை மீறியது என்று சொன்ன சுப்ரீம் கோர்ட், 25,000 ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது. ஆனால் இது நுகர்வோர் மன்றம் போல மனு எழுதிப் போட்டு வரும் வழி அல்ல. ஹைகோர்ட் ஏறவேண்டும்.

அந்த ஹைகோர்ட் மட்டாஞ்சேரிக்குக் காயலின் அக்கரையில், எர்ணாகுளத்தில்தான் இருக்கிறது. கேரளத்தின் 2018 மருத்துவ நிறுவனச் சட்டத்தை எதிர்த்து தனியார் ஆஸ்பத்திரிகளும் டாக்டர் சங்கமும் அங்கே போயின. 2025 நவம்பரில் அவை தோற்றன. முன்பணம் கட்டவில்லை, காகிதம் இல்லை என்று அவசர சிகிச்சையை மறுக்கக்கூடாது. கட்டணத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கவேண்டும் என்று உத்தரவு. (தமிழில் இல்லை, போகட்டும்!)

அம்மா அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்த நமக்கு ஒரு விஷயம். உள்நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகளை டாக்டர் மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002 மருத்துவ கவுன்சில் விதி. நுகர்வோர் மன்றத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். 2019 சட்டப்படி, புகார் கொடுப்பவர் இந்தியாவில் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். அதனால் அடுத்த முறை போனில் பேசும்போது, டிஸ்சார்ஜ் காகிதத்தோடு கேஸ் ஷீட் நகலும் வாங்கியாச்சா என்று கேட்டு வையுங்கள்.