காதற்பாட்டும் வரலாறும்: ஊவாத் தோட்டங்களும் பிலிப்பைன்சும்

காதற்பாட்டு தனிமனித உணர்வின் வெளிப்பாடு; அதில் வரலாற்றைத் தேடுதல் பொருந்தாது என்று கருதுவோர் உளர். ஆண்டையும் தொகையையும் அறிவதற்கு அரசாணைகளும் தோட்டக் கணக்கேடுகளுமே துணை என்பது உண்மையே. ஆயினும், எழுத்தறிவு எட்டாதிருந்த மக்கள் தம் வாழ்வைப் பொறித்துவைத்த ஏடு பாட்டேயாகும். ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்களில் வழங்கிய காதற்பாடல்களை, அந்நியராட்சிக்கு உட்பட்டிருந்த மற்றொரு தீவுநாடாகிய பிலிப்பைன்சின் காதற்பாடல்களோடு ஒப்புநோக்கின் இது தெளிவாகும்.

தகலோகு மொழி பேசுவோரிடையே வளர்ந்த காதற்பாட்டு வகை குண்டிமான் எனப்படும். எட்டாத காதலியிடம் இரந்து நிற்கும் காதலனின் குரலே அதன் உயிர். இசுப்பானிய ஆட்சிக்கு எதிராக 1896இல் புரட்சி மூண்ட காலத்தில், காதலியை முன்னிறுத்தித் தாய்நாட்டைப் பாடும் வழக்கு அதில் வலுப்பெற்றது. பின்னர் அமெரிக்கர் ஆட்சிக் காலத்தில் பிரான்சிசுக்கோ சந்தியாகோ, நிக்கானோர் அபெலார்தோ ஆகிய இசைவாணர் அதனை அரங்கிசையாக உயர்த்தினர். அம்மரபில் வந்த ‘பயான் கோ’ என்னும் பாடல், மார்க்கோசின் ஆட்சியை வீழ்த்திய 1986ஆம் ஆண்டு மக்கள் எழுச்சியிலும் ஒலித்தது. ‘என் நாடு’ என்பது அத்தலைப்பின் பொருள்.

ஊவாவின் வரலாறு வேறு. 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். கோப்பிக் காலத்தில் வந்தோருட் பெரும்பாலோர் பருவத்துக்கு வந்து மீளும் ஆடவர். 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் வந்த தேயிலையோ, ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் பெண்களின் கைகளை வேண்டி நின்றது. குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. காதற்பாட்டும் அவற்றோடு வேரூன்றியது.

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதிகளில் வழங்கிய தெம்மாங்கின் மெட்டு தமிழகத்தது, பொருளோ மலையகத்தது. வயலும் வரப்பும் நின்ற இடத்தில் மலையும் கொழுந்துக் கூடையும் வந்தன. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் காதலுக்குக் குறுக்கே நிற்போராயினர். இவை வெறுங் கற்பனையல்ல. தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டவன். அக்கடனைக் குறித்த ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்துக்குப் பெயர்தல் அரிது. இம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை இரு தோட்டத்தார் ஒன்றுசேர்வது உள்ளத்தை மட்டும் பொறுத்ததன்று, கடனையும் பொறுத்தது. மாசி மாதத்துக் காமன்கூத்தில் எரியுண்ட கணவனுக்காக இரதி புலம்பும்போது, கூடியிருந்தோர் தம் பிரிவையும் அதிற் கேட்டிருத்தல் இயல்பே.

மலையகத்திலும் பாட்டு அரசியற் கருவியாயிற்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் துயரைப் பாடல்களாக்கி 1940இல் வெளியிட்டார். ஆயினும் அவை கூட்டங்களிற் பாடப்பெற்ற வெளிப்படையான அரசியற் பாடல்கள். தகலோகுப் பாட்டிற்போலக் காதலியே நாடாக மாறும் நிலை ஊவாவில் நிகழவில்லை. ஏன்? குண்டிமான் பாடியோர் தம் மண்ணை மீட்க முயன்றனர். தோட்டத் தொழிலாளருக்கோ தம் நாடென்று சொல்லும் உரிமையே 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மறுக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியோராயினர். 3,00,000 பேருக்கே இலங்கைக் குடியுரிமை உறுதியளிக்கப்பட்டது. 1924இல் பதுளையை அடைந்த இருப்புப்பாதை, உறவுகளைப் பிரித்துச் செல்லும் பாதையுமாயிற்று. ஆதலின் ஊவாப் பாட்டிற் காதலன் நாடாகவில்லை. பிரிந்து செல்லும் மனிதனாகவே நின்றான். நாடற்றோர் காதற்பாட்டின் இயல்பு இதுவெனலாம்.

குண்டிமானுக்கு இசைக் கல்லூரியும் இசைத்தட்டும் துணைநின்றன. மலைப்பாட்டுக்கோ சி.வி. வேலுப்பிள்ளை போன்ற சிலரின் உழைப்பே துணை. அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைந்தபின் 1987இல் நூலாயிற்று. அப்பணி தொடரப்படவேண்டும். பாடலை மட்டும் எழுதிக்கொள்வது போதாது. எத்தோட்டத்தில், எவ்வேலையின்போது, எத்தலைமுறையினராற் பாடப்பட்டது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அக்குறிப்பின்றேற் பாட்டு எஞ்சினும், அது சொல்லும் வரலாறு எஞ்சாது.