பாடாத ஒன்பது பேர்

ப்ரொடக்‌ஷன் ரிலீஸ் இருக்கும் இரவுகளில் எங்கள் டீமில் ஆளுக்கொரு பழக்கம். ஒருத்தர் டீயாகக் குடித்துத் தள்ளுவார். ஒருத்தர் இளையராஜாவைச் சன்னமாக ஓடவிடுவார். நான், கவனம் சிதறாமல் வேலைசெய்ய என்று யாரோ தொகுத்து வைத்திருந்த ஒரு பிளேலிஸ்ட்டைப் போட்டுக்கொள்வேன். அதில் இடம்பிடிக்க ஒரே தகுதி, வார்த்தை இருக்கக்கூடாது. பாட்டு வரி வந்தால் மனசு அதன் பின்னாலேயே போய்விடும், இல்லையா?

அப்படி ஒரு ராத்திரி, ஒரு டிராக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு கிழவர் பேச ஆரம்பித்தார். நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரை அவர் காலத்தில் எப்படி இருந்தது என்று. அந்த நாளில் ஜனங்கள் ராத்திரி மணலிலேயே படுத்துத் தூங்குவார்களாம். இப்போது யாரும் அங்கே தூங்குவதில்லையாம். அவ்வளவுதான் விஷயம். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன்பிறகு இருபது நிமிடத்துக்கும் மேல் கிடார், வயலின், டிரம்ஸ் மட்டும். நடுவில் ஏதோ ஒன்று மனிதக் குரல்போல ஓலமிடுகிறது. அது கிடார்தான், தந்தியில் ஸ்க்ரூட்ரைவரை வைத்துத் தேய்க்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது. டெஸ்ட் ஓடி முடிந்து திரை பச்சையாகிக் கிடந்தது, நான் பார்க்கவில்லை.

அந்த டிராக்கின் பெயர் 'ஸ்லீப்'. ஆல்பம், 2000 அக்டோபரில் வந்த 'லிஃப்ட் யுவர் ஸ்கின்னி ஃபிஸ்ட்ஸ் லைக் ஆன்டெனாஸ் டு ஹெவன்'. இரண்டு தட்டுகள், நாலே டிராக்குகள், 87 நிமிடம். வாசித்தவர்கள் கனடாவின் மான்ட்ரியல் நகரத்துக் குழு, 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்'. மூன்று கிடார், இரண்டு பேஸ், இரண்டு டிரம்ஸ், ஒரு வயலின், ஒரு செல்லோ என ஒன்பது பேர். ஒருத்தரும் பாடுவதில்லை. (அதே ஆல்பத்தின் கடைசி டிராக்கில் மைக் மோயா ஒரு நாட்டுப்பாட்டைக் கொஞ்சம் பாடுகிறார். ரசிகர்கள் சண்டைக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

போஸ்ட் ராக் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ், 1994-ல். ராக் இசையின் கருவிகளையே வைத்துக்கொண்டு ராக் செய்யாத வேலையைச் செய்கிறவர்கள் என்பது சுருக்கமான பொருள். கிடார் அங்கே மெட்டு வாசிப்பதைவிட நிறமும் மூட்டமும் உண்டாக்குகிற சாமான். அதே 1994-ல்தான் எஃப்ரிம் மெனக், மோயா, மாரோ பெசென்டே மூவரும் மான்ட்ரியலில் சேர்ந்தார்கள். குழுவின் பெயர், மிட்சுவோ யனகிமாச்சி என்ற ஜப்பானிய இயக்குநர் மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றைப் பற்றி 1976-ல் எடுத்த ஆவணப்படத்திலிருந்து வந்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஒரு கேசட் போட்டார்கள், மொத்தம் 33 பிரதிகள். பல வருஷம் அது இருக்கிறதா இல்லையா என்பதே ரசிகர்களுக்குள் ஒரு துப்பறியும் கதையாக இருந்தது. 2022-ல் இணையத்தில் கசிந்தபிறகு குழுவே முறையாக வெளியிட்டது. அதில் பாட்டுக்குரல் உண்டு. அதற்குப்பிறகுதான் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஏன் மான்ட்ரியல்? இதற்குப் பதில் இசையில் இல்லை, வாடகையில் இருக்கிறது. க்யூபெக் மாகாணம் கனடாவிலிருந்து பிரிய வேண்டுமா என்ற வாக்கெடுப்பு 1995 அக்டோபர் 30-ல் நடந்தது. வேண்டாம் என்ற தரப்பு 50.58 சதவீதத்தில் தப்பித்தது. அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே பயந்த மூலதனம் டொராண்டோவுக்கு மூட்டை கட்டிவிட்டது. மைல் எண்ட் என்ற பகுதியில் துணித் தொழில் நலிந்து, தையல் ஆலைகளாக இருந்த பெரிய கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. ஒன்பது பேர் ஆம்ப்ளிஃபயர்களோடு உட்கார்ந்து ராத்திரி முழுக்க வாசிக்க என்ன வேண்டும்? பெரிய அறை, குறைந்த வாடகை, புகார் சொல்ல ஆளில்லாத பக்கத்து வீடு. மூன்றும் அங்கே கிடைத்தன. அவர்கள் வாழ்ந்து, ஒத்திகை பார்த்து, ஒலிப்பதிவும் செய்த இடத்துக்கு 'ஹோட்டல் டூ டேங்கோ' என்று பெயர். அந்தத் தெருவின் தபால் குறியீடு 'எச் 2 டி' என்று தொடங்கும். ரேடியோ பாஷையில் எழுத்துக்களை உச்சரித்தால் அந்தப் பெயர் வரும்.

இங்கே என் தரப்பிலிருந்து ஒரு வாக்குமூலம். 1997-ல் இந்தக் குழுவின் முதல் ரெக்கார்ட் வந்தது. அதே 1997-ல், அதே மைல் எண்ட்டில், பழைய துணி ஆலைக் கட்டடம் ஒன்றில் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு வீடியோ கேம் கம்பெனி கிளை திறந்தது. மாகாண அரசு சம்பள மானியம் கொடுத்து அழைத்து வந்தது. அதன்பிறகு காபிக்கடைகள் வந்தன, வாடகை ஏறியது, மீதியை நான் சொல்ல வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. இந்த இசை பிறந்த அறையை இல்லாமல் ஆக்கிய தொழிலில் இருந்துகொண்டுதான் நான் இதைக் கேட்கிறேன், அதுவும் வேலை ஓட.

அந்த முதல் ரெக்கார்டின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் 'எஃப் ஷார்ப் ஏ ஷார்ப் இன்ஃபினிட்டி'. புதிதாகத் தொடங்கிய கான்ஸ்டலேஷன் லேபிள் 500 பிரதிகள் போட்டது. உறைகளைக் கையால் செய்து, உள்ளே அச்சுத்தாள்களோடு ரயில் ஏறி நசுங்கிய ஒரு சென்ட் நாணயத்தையும் வைத்தார்கள். தண்டவாளத்தில் காசு வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருப்பது நம்மூர்ப் பிள்ளைகளும் செய்ததுதான். 2012-ல் கனடா அந்த நாணயத்தை அடிப்பதையே நிறுத்திவிட்டது.

பெயரில் உள்ள இன்ஃபினிட்டி சும்மா வைத்ததல்ல. தட்டின் கடைசிப் பள்ளம் சுருள் வடிவில் நடுவை நோக்கிப் போகாமல் வட்டமாக மூடிக்கொள்கிறது. ஆகவே முள் அதே தந்தி வாத்தியத் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். புரோகிராமருக்கு இது பழக்கமான சமாச்சாரம்: வெளியேறும் நிபந்தனை எழுதாத லூப். யாராவது எழுந்துபோய் முள்ளைத் தூக்கினால்தான் ஆல்பம் முடியும். 1998-ல் சிகாகோவின் கிராங்கி லேபிள் போட்ட சிடியில் இது கிடையாது. என் பிளேலிஸ்ட்டில் எப்படி இருக்கும்?

அந்த ஆல்பத்தின் 'ஈஸ்ட் ஹேஸ்டிங்ஸ்' டிராக்கைத்தான் டேனி பாயில் '28 டேஸ் லேட்டர்' படத்தில் காலியான லண்டனை ஒருவன் நடந்து கடக்கும் காட்சிக்கு வைத்தார். பலருக்கு இந்தக் குழு அறிமுகமானது அப்படித்தான். ஆனால் அந்தப் பெயர் உலக அழிவைக் குறித்ததல்ல. வான்கூவரில் வீடற்றவர்கள் திரளாக இருக்கும் ஒரு தெரு அது. டிராக்கின் தொடக்கத்தில் கேட்பது ஒரு தெருமுனைப் பிரசங்கியின் குரல்.

இந்தக் குரல்கள்தான் எனக்கு முக்கியம். பாடாத குழு என்று சொன்னேனே, அவர்கள் பேசாதவர்கள் இல்லை. மைக்கை எடுத்து வேறு யாரிடமோ கொடுத்துவிடுகிறார்கள். பிரசங்கி, கோனி ஐலண்ட் கிழவர், பெட்ரோல் பங்க் ஒலிபெருக்கி. 1999-ல் வந்த 'ஸ்லோ ரயட்' இபியில் ஒரு ஆள் போக்குவரத்து அபராதம், நீதிபதி, தன் துப்பாக்கிகள் என்று கொதித்துக்கொண்டே போகிறார். கடைசியில் சொந்தக் கவிதை என்று ஒன்றை ஒப்பிக்கிறார். அது பெரும்பாலும் அயர்ன் மெய்டனின் 1996-ம் வருஷத்து 'வைரஸ்' பாட்டு. சிரிக்கலாம். ஆனால் கீழே போகும் இசை சிரிக்கவில்லை. அவர் அரசியலை ஏற்கவும் இல்லை, அவரைப் பைத்தியக்காரர் ஆக்கவும் இல்லை. ஒரு பாடகர் இருந்திருந்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். குழு பாடாமல் இருப்பதன் பலன் என்று எனக்குப் படுவது இதுதான். கோபத்துக்குச் சொந்தக்காரனாக மேடையில் யாரும் நிற்பதில்லை. நேரடி நிகழ்ச்சியிலும் அப்படித்தான். பாதி இருட்டில் உட்கார்ந்து வாசிப்பார்கள், பின்னால் 16 எம்எம் படச்சுருள்கள் ஓடும், பிலிமில் கையால் கீறிய 'ஹோப்' என்ற ஒற்றைச் சொல் நடுங்கிக்கொண்டிருக்கும்.

அவர்களே நேரடியாகப் பேசும்போது சறுக்கியதும் உண்டு. ஸ்டீவ் அல்பினி ஒலிப்பதிவு செய்த 2002-ம் ஆண்டின் 'யாங்கி யூ.எக்ஸ்.ஓ.' உறையின் பின்பக்கம், பெரிய மியூசிக் கம்பெனிகளுக்கும் ஆயுத உற்பத்தியாளர்களுக்கும் உள்ள தொடர்பை அம்புக்குறி போட்டு வரைந்திருந்தார்கள். அதில் சில இணைப்புகள் தவறு என்று பின்னால் தெரியவந்தது. கல்லூரி ஹாஸ்டல் சுவரொட்டி மாதிரி என்று எனக்கும் தோன்றும். அந்த ஆல்பத்தில் அந்நியர் குரல் ஏறக்குறைய கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

2003-ல் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்த சமயம் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஓக்லஹோமாவின் ஆர்ட்மோரில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். பங்கில் வேலைசெய்த பெண்ணுக்குச் சந்தேகம். போலீசைக் கூப்பிடச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் கையில் சீட்டு எழுதிக் கொடுத்தார். போலீஸ் வந்து மடக்கியது, பிறகு எஃப்பிஐ விசாரித்தது. வண்டியில் அரசை எதிர்க்கும் தாள்களும், எண்ணெய்க் கிணறு மாதிரியான சில படங்களும் இருந்தன. கடைசியில் விட்டுவிட்டார்கள். அடுத்த நிகழ்ச்சி செயின்ட் லூயிஸில். தாங்கள் கனடாவிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளாக இருந்ததால்தான் இவ்வளவோடு போயிற்று என்ற அர்த்தத்தில் மெனக் அங்கே கூட்டத்திடம் பேசினார். அந்தக் காலத்தில் அமெரிக்க விமான நிலையங்களில் தனியாக ஓரங்கட்டப்பட்ட என் சீனியர்கள் சிலரைத் தெரியும். அவர்கள் பையில் தாள் எதுவும் இருக்கவில்லை, பெயர் மட்டும்தான்.

அந்த வருஷத்தோடு ஓய்ந்து, 2010 டிசம்பரில் திரும்பி வந்தார்கள். 2013-ல் கனடாவின் போலாரிஸ் பரிசு கிடைத்தது, 30,000 டாலர். விழாவுக்குப் போகவில்லை. சிக்கன நடவடிக்கையில் ஜனங்கள் தவிக்கும் காலத்தில் கார் கம்பெனி ஆதரவில் ஆடம்பர விழா எதற்கு என்று அறிக்கை விட்டார்கள். பரிசுப் பணத்தில் க்யூபெக் சிறைகளில் இருப்பவர்களுக்கு இசைக்கருவிகள் வாங்கித் தருவதாகவும் சொன்னார்கள்.

2024 அக்டோபரில் வந்த ஆல்பத்துக்குத் தலைப்பு வைக்கவில்லை. தலைப்பு இல்லை என்று எழுதி, பிப்ரவரி 13 என்று தேதி போட்டு, அன்றுவரை காசாவில் இறந்தவர்களின் கணக்கை எழுதி விட்டுவிட்டார்கள்: 28,340. ஆல்பம் கடைக்கு வந்தபோது அந்த எண் பழசாகி, நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

அதைக் காசு கொடுத்து வாங்கி போனில் இறக்கி வைத்திருக்கிறேன். ரிலீஸ் ராத்திரிகளில் இப்போது போடுவதில்லை, பஸ்ஸில் கேட்பதோடு சரி. சின்னத் திரையில் தலைப்பு முழுதாக வராது. தேதியில் எங்கேயோ வெட்டுப்பட்டு மூன்று புள்ளி நிற்கும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் எழுத்து மெதுவாக நகர்ந்து எண் வரும், பிறகு முதலிலிருந்து ஓடும்.