இளையோர் நாவலின் வகைகளும் வரலாறும்

கமுந்திங்கின் பழைய பெயர் கிளியான் பாரு. புதிய சுரங்கம் என்பது அதன் பொருள். ஈயத்தின் பொருட்டு 1861 முதல் 1874 வரை விட்டுவிட்டு மூண்ட லாருட் போர்களில், கீ ஹின் குழுவினர் இவ்விடத்தையும், ஹை சான் குழுவினர் இன்று தைப்பிங் எனப்படும் கிளியான் பாவையும் தமக்கு நிலைக்களனாகக் கொண்டிருந்தனர். பங்கோர் உடன்படிக்கைக்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1885 ஜூன் முதல் நாள், மலாயாவின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குத் திறக்கப்பட்டது. இத்துணைக் கதைப்பொருள் காலடியிலேயே கிடக்கும் ஊரில் வளரும் தமிழ் மாணவன், வரலாற்று நாவல் என்றவுடன் காவிரிக் கரையையே நினைக்கிறான். குற்றம் அவனுடையதன்று. அவன் கைக்கு வந்த நாவல்களின் வரலாறே அவ்வாறு அமைந்துவிட்டது.

நாவலின் வகைகளைக் கூறுக என்னும் வினாவுக்கு, சமூக நாவல், வரலாற்று நாவல், துப்பறியும் நாவல், அறிவியல் நாவல் என்று பட்டியலிட்டு மதிப்பெண் பெறுவது எளிது. அவ்விடையால் வாசிப்பு ஒருபடியும் உயர்ந்துவிடாது. வகை என்பது ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே உள்ள உடன்பாடு. எதை நம்ப வேண்டும், எதை ஐயுற வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதை அது முன்னரே உணர்த்திவிடுகிறது. அந்த உடன்பாட்டை அறியாத இளைஞன் கற்பனையை வரலாறாகவும் வரலாற்றைக் கற்பனையாகவும் கொண்டுவிடுவான்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியபோது இளையோர் நாவல் என்ற தனிப்பிரிவு தமிழில் இல்லை. ஆயினும் அந்நூலில் இளையோர் விரும்பும் யாவும் உள்ளன. ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு விக்கிரமபுரியை ஆளும் பகுதியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இன்று படித்துக் காட்டினாலும் வகுப்பு அடங்கிக் கேட்கும். அறவுரையும் சாகசமும் நகைச்சுவையும் ஒரே உறையில் கிடந்த காலம் அது. அவை தனித்தனி வகைகளாகப் பிரிந்தது பின்னரே நிகழ்ந்தது.

பிரிவினையை விரைவுபடுத்தியவர்கள் துப்பறியும் கதைக்காரர்கள். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு மர்மக் கதைகளின் போக்கைத் தமிழுக்குக் கொணர்ந்தனர். பின்னர்த் ‘கல்கண்டு’ தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். இவ்வகையைப் புலவர் பெருமக்கள் இழித்துரைத்ததுண்டு. அக்கருத்து முழுதும் ஏற்கத்தக்கதன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று விதித்தது. எழுத்தறிவு இவ்வாறு தோட்டத்துக்கு வந்தது. நூல் நிலையம் உடன் வரவில்லை. பாடநூலை முடித்த பையன் அடுத்துப் படிக்க எஞ்சியிருந்தவை வாரப் பத்திரிகைகளும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த மர்ம நாவல்களுமே. தடயத்தை மனத்தில் நிறுத்துதல், கூற்றை ஐயுறுதல், முடிவை ஊகித்தல் ஆகிய பயிற்சிகளை அவை வலிந்து புகட்டாமலே அளித்தன. உயர்ந்த இலக்கியம் வரும்வரை படிக்கும் பழக்கத்தைச் சாகவிடாமல் காத்ததும் இவ்வகைதான்.

சிறுவர்க்கெனவே எழுதும் முயற்சி 1950இல் ஓர் இயக்கமாயிற்று. அவ்வாண்டில் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதன் உயிர்நாடியாக விளங்கிய அழ. வள்ளியப்பா கவிஞராகவே அறியப்பட்டாலும் ‘நீலா மாலா’ என்னும் நாவலும் எழுதியுள்ளார். வாண்டுமாமா மர்மத்தையும் மாயத்தையும் சிறுவர் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார். பூவண்ணன் கதைகளும் எழுதிக் குழந்தை இலக்கிய வரலாற்றையும் எழுதினார். ஆர்வி ஆசிரியராயிருந்த ‘கண்ணன்’ இதழ் சிறுவர் நாவலுக்குப் போட்டி வைத்தது. அதில் பரிசு பெற்ற ‘நந்திமலைச் சாரலிலே’ என்னும் கதையை எழுதியவர் அப்போது பள்ளிப் பருவத்தினர். பிற்காலத்தில் அம்பை என்னும் பெயரில் தமிழ்ச் சிறுகதையில் தனியிடம் பெற்றவர். சிறுவர் நாவலை விளையாட்டுப் பொருளாக எண்ணுவோர் இதனைச் சிறிது கருதுதல் நன்று.

அறிவியல் நாவல் வலுப்பெற்றது சுஜாதாவால்தான். 1980களில் அவர் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயை அக்காலத்து இளைஞர்கள் மறக்கவில்லை. நடப்பியல் வகைக்குக் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ போதுமான சான்று. பறவை முட்டைகளைத் தேடி அலையும் சிறுவனின் உலகம் அதில் எவ்விதப் போதனையுமின்றித் திறக்கிறது.

எனினும் மலேசியத் தமிழ் மாணவனுக்கு மிகவும் வேண்டியதும், மிகவும் தவறாகப் படிக்கப்படுவதும் வரலாற்று நாவலே. கல்கி ‘பொன்னியின் செல்வன்’ தொடரை 1950இல் தொடங்கி 1954இல் முடித்தார். அதில் வரும் குந்தவையும் வந்தியத்தேவனும் சோழர் வரலாற்றில் இடம்பெற்றோர். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் படைப்புகள். ஆதித்த கரிகாலன் கொலை தொடர்பாக ரவிதாசன் முதலியோரின் பெயரைக் கூறும் கல்வெட்டு காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ளது. ஆனால் கொலை நிகழ்ந்த முறையையும் காரணத்தையும் அது விரித்துரைக்கவில்லை. கல்வெட்டு நின்ற இடத்திலிருந்து நாவலாசிரியன் புறப்படுகிறான். எந்த இடத்தில் புறப்பட்டான் என்று கண்டுபிடிக்கும் மாணவன் ஒரே வாசிப்பில் வரலாற்றையும் கற்கிறான், நாவற்கலையையும் கற்கிறான். சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்தைத் தொடுகிறது. கடாரமோ பேராவுக்கு அண்டை மாநிலமான கெடா. பூஜாங் பள்ளத்தாக்கின் செங்கல் அடித்தளங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துத் திரும்பியபின் அந்நாவலைப் படித்தால், எது மண்ணில் உள்ளது, எது ஏட்டில் மட்டும் உள்ளது என்பது தானே விளங்கும்.

இவ்வாறு கடல் கடந்து வந்த வரலாற்று நாவலுக்கு உள்ளூரில் துணை கிடைத்தது மிகப் பிந்தியே. அகிலன் 1977இல் ‘பால்மரக் காட்டினிலே’ வெளியிட்டுத் தோட்டத் தொழிலாளர் வாழ்வை நாவலாக்கினார். அவர் தமிழகத்திலிருந்து வந்து பார்த்துச் சென்றவர். இங்கேயே வாழ்ந்தோர் கையால் சயாம் மரண இரயில் நாவலானது 1993இல், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வாயிலாக. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005இல் வந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் பாதை போடப்பட்டபோது, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். இந்நாவல்கள் பெரியோர்க்காக எழுதப்பட்டவையே. எனினும் பதினைந்து வயது மாணவன் ஆசிரியர் துணையுடன் படிக்கத் தடையில்லை. காலராவும் பட்டினியும் வரும் அத்தியாயங்களைக் கண்டு அஞ்சி விலக்குவோர், அவனுடைய கொள்ளுப்பாட்டனாரின் வயது அன்று என்ன என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

லாருட் போர்களும் முதல் இருப்புப்பாதையும் இன்னும் காத்திருக்கின்றன. ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நூலாக வெளிவந்த 1883ஆம் ஆண்டில்தான் தைப்பிங்கில் பேரா அரும்பொருளகம் நிறுவப்பட்டது. அங்கே ஜிம் ஹாக்கின்ஸ் என்னும் சிறுவன் கப்பலேறிக் கடற்கொள்ளையரோடு மோதிக்கொண்டிருந்தான். இங்கே, இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர் சதுப்பு நிலத்தில் தண்டவாளம் பதிக்க விரைவில் வந்து சேரவிருந்தனர். சாகச நாவலுக்கு இதனினும் நல்ல களம் வேண்டுமென்பதில்லை. மாத்தாங்கில் ஙா இப்ராஹிமின் கோட்டை இன்றும் நிற்கிறது. போர்ட் வெல்ட், கோலா செப்பெத்தாங் எனப் பெயர் மாறி மீனவர் ஊராக இருக்கிறது. ஏடுகளும் படங்களும் தேடினால் கிடைக்கும்.

மரண இரயிலின் நிலை வேறு. அதற்குச் சான்று ஏடுகளைவிட மனிதரே. 1943இல் தந்தையை வண்டியேற்றி அனுப்பிய பத்து வயதுச் சிறுவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர்.