மூச்சுவழி மதுச் சோதனை

மூச்சுவழி மதுச் சோதனை: வாகனம் ஓட்டுபவர் எவ்வளவு மது அருந்தியிருக்கிறார் என்பதை அவர் ஊதும் காற்றைக் கொண்டு கணிக்கும் முறை. இரத்தத்தில் கலந்த மது நுரையீரலை அடையும்போது அதில் மிகச் சிறிய பங்கு மூச்சோடு வெளியேறுகிறது. அந்தப் பங்கை அளந்து, இரத்தத்தில் உள்ள அளவைப் பெருக்கிக் காண்கிறார்கள். கருவி இரத்தத்தைத் தொடுவதே இல்லை. காவல்துறைக்கு இம்முறை எளிதானதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் கேள்விக்கு உள்ளானதும் இதனால்தான்.

போதையில் வண்டி ஓட்டுவதைத் தண்டிக்கும் சட்டம் மோட்டார் வண்டியைவிடப் பழையது. பிரிட்டனின் 1872ஆம் ஆண்டுச் சட்டம் குதிரை, வண்டி, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் போதையில் நடத்திச் செல்வதைக் குற்றமாக்கியது. 1897 செப்டம்பரில் லண்டனில் மின்சார வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் ஒரு கட்டடத்தில் மோதிப் பிடிபட்டார். போதையில் மோட்டார் வாகனம் ஓட்டியதற்கான முதல் கைது இதுவே என்பர். அபராதம் 20 ஷில்லிங் என்றும் 25 ஷில்லிங் என்றும் இருவிதக் குறிப்புகள் உள்ளன. அமெரிக்காவின் முதல் சட்டம் 1906இல் நியூ ஜெர்சியில் வந்ததா, 1910இல் நியூயார்க்கில் வந்ததா என்பதிலும் நூல்கள் ஒத்துப்போவதில்லை. அக்காலத்துச் சான்றுகள் வாய் நாற்றம், தள்ளாட்டம், குளறும் பேச்சு இவ்வளவே. அவற்றைக் கண்டவரின் சொல்லே தீர்ப்பை முடிவு செய்தது.

மூச்சில் மது வெளிப்படுவதை ஆங்கிலேய மருத்துவர் பிரான்சிஸ் ஆன்ஸ்டி 1874இல் எழுதினார். அதன்பின் அரை நூற்றாண்டுக்குச் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. 1927இல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் எமில் போகன் கால்பந்தின் உட்பைக்குள் ஊதச் சொல்லி, அந்தக் காற்றை வேதிக் கரைசலில் செலுத்தி அளந்தார். ஐரோப்பாவில் சுவீடனின் எரிக் விட்மார்க் உருவாக்கிய இரத்தச் சோதனை நிலைபெற்றது. நார்வே 1936இல் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுவைச் சட்ட வரம்பாக்கியது.

இம்முறையின் வரலாற்றில் மிகுதியான பதிவுகள் கிடைப்பது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலிருந்துதான். அம்மாநிலப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் ரோலா ஹார்கர் 1931இல் ‘டிரங்கோமீட்டர்’ என்ற கருவியை உருவாக்கத் தொடங்கினார். சோதிக்கப்படுபவர் பலூனுக்குள் ஊதுவார். அந்தக் காற்று அமிலம் கலந்த பெர்மாங்கனேட் கரைசலுக்குள் செல்லும். மூச்சில் மது இருந்தால் கரைசலின் ஊதா நிறம் வெளிறும். நிறம் மறைய எவ்வளவு காற்று தேவைப்பட்டது என்பதைக் கொண்டு மதுவின் அளவைக் கணக்கிட்டார்கள். 1938 டிசம்பர் 31 அன்று, புத்தாண்டுக் கொண்டாட்ட இரவில், இந்தியானாபொலிஸ் காவலர்கள் இதை முதன்முறை பயன்படுத்தினர். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டம் எண்களை ஏற்றது: 0.15 விழுக்காடும் அதற்கு மேலும் போதை, 0.05க்குக் கீழ் போதையில்லை. இடைப்பட்டதற்குப் பிற சான்றுகளும் வேண்டும். இன்றைய வரம்புகளோடு ஒப்பிட்டால் 0.15 மிகவும் தாராளமானது.

அதே மாநிலக் காவல்துறை ஆய்வகத்தில் ராபர்ட் போர்கன்ஸ்டீன் பணியாற்றினார். முன்பு புகைப்படத் தொழில்நுட்பத்தில் பழகியவர். ஒளியையும் நிறத்தையும் அளக்கத் தெரிந்த அந்தக் கை, 1954இல் அவர் செய்த ‘பிரீத்தலைசர்’ கருவியில் தெளிவாகத் தெரிகிறது. கருவியின் உருளை சரியாக 52.5 மில்லி லிட்டர் மூச்சைப் பிடிக்கும். உந்துதண்டு கீழிறங்க, அந்தக் காற்று மஞ்சள் நிற டைகுரோமேட் கரைசல் உள்ள கண்ணாடிக் குப்பிக்குள் குமிழிடும். பக்கத்தில் அதே கரைசலோடு தொடப்படாத இன்னொரு குப்பி. இரண்டுக்கும் நடுவே ஒரு விளக்கு. சோதனைக் குப்பியின் மஞ்சள் வெளிறியதும் இருபுற ஒளியும் சமநிலை இழக்கும். முள் நடுவுக்கு வரும்வரை விளக்கை நகர்த்த வேண்டும். நகர்ந்த தூரமே அளவு. வேதியியல் படிக்காத காவலரும் இயக்கக்கூடிய இந்த எளிமை, இத்துறைக் கருவிகள் அனைத்திலும் போற்றத்தக்கது.

52.5 என்பது 2100இல் நாற்பதில் ஒரு பங்கு. 2100 மில்லி லிட்டர் மூச்சில் உள்ள மது, 1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்பதே கணக்கின் அடிப்படை. இந்த விகிதம் ஆளுக்கு ஆள், உடல் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். சராசரி இன்னும் அதிகம் என்று கருதுவோர் உண்டு. பிரிட்டன் பின்னாளில் வகுத்த மூச்சு வரம்பு 2300ஐ ஒட்டியது.

போர்கன்ஸ்டீன் குழு 1960களின் தொடக்கத்தில் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் விபத்துக்குள்ளான சுமார் 6,000 ஓட்டுநர்களையும், விபத்தில் சிக்காத 7,500க்கு மேற்பட்டோரையும் சோதித்தது. 1964இல் வந்த அறிக்கை, மது ஏற ஏற விபத்து வாய்ப்பு எப்படிக் கூடுகிறது என்பதை எண்களில் காட்டியது. மிகக் குறைவாகக் குடித்தவர்களுக்கு விபத்து சற்றுக் குறைந்ததுபோல் தெரிந்த ஒரு பள்ளமும் அதில் இருந்தது. ஒப்பிட்ட குழுக்களின் வயதும் குடிப்பழக்கமும் வேறுபட்டதன் விளைவு அது என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கருத்து.

பிரிட்டனில் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் கொண்டுவந்த சட்டம் 1967 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். ஊதியதும் மஞ்சளிலிருந்து பச்சையாகும் படிகக் குழாய்களைக் காவலர்கள் பயன்படுத்தினர். 1970களில் மின்வேதிக் கலமும் அகச்சிவப்புக் கதிரும் நிறச் சோதனையின் இடத்தைப் பிடித்தன.

குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவோர் முதலில் கேட்பது, ஊதுவதற்கு முன் கால் மணி நேரமாவது அவரைக் கண்காணித்தார்களா என்பதே. ஏப்பத்தாலோ வாய் கொப்பளிக்கும் மருந்தாலோ வாயில் தங்கிய மது அளவை உயர்த்திக் காட்டும். அடுத்த கேள்வி கருவியை எப்போது, யார் சரிபார்த்தார்கள் என்பது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2008இல், கருவியின் மென்பொருள் நிரல் வெளியாரால் ஆராயப்பட்ட பிறகே, நிபந்தனைகளோடு அதன் முடிவுகளை ஏற்றது. அதே நீதிமன்றம் 2018இல், அளவுத் திருத்தத்தின்போது உரிய வெப்பமானி பயன்படுத்தப்படாத 20,000க்கு மேற்பட்ட சோதனைகள் சான்றாகா என்றது. குடித்தவரைத் தப்பிக்க விடும் தந்திரம் என்று இத்தகைய வாதங்களைக் குறைகூறுவது சரியன்று. கருவிகள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட இவையும் காரணம். மூச்சுச் சோதனைக்கு நீதிமன்றச் சோதனை ஆணை தேவையில்லை, இரத்தம் எடுக்க அது தேவை என்பது 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த பொது விதி.

இந்தியாவில் 1971இல் மகாராஷ்டிர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், வாய் நாற்றம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி, குளறல் ஆகியவை மட்டும் குடித்ததை நிறுவிவிடா என்றது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு முதலில் எந்தச் சிறு அளவையும் குற்றமாக்கியது. 1994இல் வரம்பு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆனது. அது மூச்சுக் கருவியில் தெரிய வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 2019 திருத்தம் ஆய்வகச் சோதனையையும் சேர்த்து, முதல் குற்றத்துக்கான அபராதத்தை 10,000 ரூபாயாக்கியது. ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலம் 2018 இறுதியில் வரம்பை 0.05ஆகக் குறைத்தது. போதையைத் தானே உணரும் வசதியைப் புதிய கார்களில் கட்டாயமாக்க விதி வகுக்குமாறு 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பணித்துள்ளது.