காட்டு அடுப்பு சொல்லும் கதை

விடுமுறைக் காலக் காட்டுப் பயணம் பற்றிய இந்த அரங்கில், எனக்கு முன் பேசிய நண்பர்கள் வண்டியைப் பற்றியும் கூடாரத்தைப் பற்றியும் அழகாகச் சொன்னார்கள். நான் அடுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

மேரு, காப்பார், கிள்ளான் பக்கத்து நம் இளைஞர்கள் இன்று ஃபோர் வீல் வண்டிகளில் உலு லாங்காட், உலு சிலாங்கூர் ஆற்றோரங்களுக்குப் போகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சாப்பாடு என்று கேட்டால் மேகி மீ, டின் சார்டின், ரொட்டி என்று பட்டியல் முடிந்துவிடுகிறது. "ரெண்டு நாள்தானே, காட்டில் யார் சமைப்பது?" என்கிறார்கள். ரெண்டு நாளைக்கு அது போதும். ஆனால் மாதக்கணக்கில் காட்டில் தங்கி வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு ருசி பற்றிய விஷயமாக இருக்கவில்லை. உயிர் பற்றிய விஷயமாக இருந்தது. அப்படிப்பட்ட இரண்டு காட்டு முகாம்களை இன்று நினைத்துப் பார்ப்போம்.

முதல் முகாம் நெகிரி செம்பிலானில், ஜெலெபு மாவட்டத்தில், துரியான் தீப்புஸ் என்ற இடத்தில் இருந்தது. ஆண்டு 1907. அந்தக் காலத்தில் மலாயாவைப் பெரிபெரி என்ற நோய் ஆட்டிப் படைத்தது. கால் மரத்துப் போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்த நோய் அதிகம் வரவில்லை. ஏன்?

சிரம்பானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், காரணம் அரிசியில் இருக்கிறது என்றார். சுரங்கத்தில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழன் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. இதைச் சோதித்துப் பார்க்க, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் துரியான் தீப்புஸ் காட்டுக்குப் போனார்கள். அங்கே சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்கள் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, இன்னொரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி கொடுக்கப்பட்டது. சில மாதங்களில் வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசிப் பிரிவில் ஒருவருக்கும் இல்லை. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் இடம் மாறியது!

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. இது பின்னாளில் தெரிந்த விளக்கம். நம் பாட்டிமார்களுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆனாலும் நெல்லை அவித்துதான் குத்தினார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. தங்கள் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தவர்கள் அந்த ஏழைத் தொழிலாளர்கள்தாம். தெரிந்தே ஒரு பிரிவை நோய்க்கு ஆளாக்கும் சோதனையை இன்றைய மருத்துவ நெறி ஏற்காது. மேருவில் ஜாவா வம்சாவளி மக்கள் நிறையப் பேர் நம் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்கிறார்கள். நம்முடைய புழுங்கல் அரிசியின் பெருமையை உலகுக்கு நிரூபித்தவர்கள் அந்த இனத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இரண்டாவது முகாம், நம் இனத்தின் ஆறாத புண். சயாம் மரண ரயில். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்த 415 கிலோமீட்டர் தண்டவாளம். நல்ல சம்பளம், இலவசச் சாப்பாடு என்று ஆசை காட்டியும், பிறகு பலவந்தமாகவும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். சாப்பாடு என்று கிடைத்தது மட்டமான வெள்ளை அரிசியும் கொஞ்சம் கருவாடும் காய்ந்த காய்கறியும். பெரிபெரிக்கு மருந்து எந்த அரிசியில் இருக்கிறது என்பது 1909-இலேயே கோலாலம்பூரில் தெரிந்துவிட்டது. 34 ஆண்டுகள் கழித்தும் அந்த அறிவு அந்தத் தொழிலாளியின் தட்டுக்கு வந்து சேரவில்லை.

1943 மே மாதம் மழை பிடித்ததும் காலரா வந்தது. இங்கேதான் அடுப்பின் கதையைக் கவனிக்க வேண்டும். அதே காட்டில், அதே மழையில், வெள்ளைக்காரப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். அவர்களும் பட்டினி கிடந்தார்கள், அடிபட்டார்கள், செத்தார்கள். சுமார் 60,000 கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனால் அவர்களோடு அவர்களுடைய டாக்டர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். கொதிக்காத தண்ணீரைக் குடிக்கக்கூடாது, சாப்பிடும் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகே சோறு வாங்க வேண்டும், கழிவறைக் குழி சமையற்கட்டுக்குத் தூரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கையில் இருந்த சொற்பக் காசில் நோயாளிகளுக்கு வாத்து முட்டையும் பச்சைப்பயறும் வாங்கினார்கள்.

நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? பெரும்பாலான முகாம்களில் டாக்டர் இல்லை. எடுத்துச் சொல்ல அதிகாரி இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பாத்திரமும் நேரமும் கொடுப்பார் இல்லை. தாகம் எடுத்தால் ஆற்றில் குடித்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. நம்மவர்கள் பலவீனமானவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை. அவர்களுடைய சமையற்கட்டுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. கொதிநீர்ப் பாத்திரம் இருந்த முகாமுக்கும் இல்லாத முகாமுக்கும் இடையே பல்லாயிரம் உயிர்கள் போயின.

அது போர்க்காலம், இன்று நமக்கென்ன என்று கேட்கலாம். 2010-இல் பகாங், மாரான் பக்கம் லூபோக் யூ நீர்வீழ்ச்சியில், மூழ்கிய ஒருவரைத் தேடும் பணிக்குப் பிறகு நோய் பரவி 8 பேர் இறந்தார்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் இன்னொரு கிருமியும் காரணம் என்று கண்டறிந்தார்கள். பார்வைக்குத் தெளிந்த காட்டு நீர் சுத்தமான நீர் ஆகிவிடாது. அதைக் குடிப்பது மட்டுமல்ல, காயம் பட்ட காலோடு அதில் இறங்குவதும் ஆபத்துதான்.

ஆகவே இளைஞர்களே, அடுத்த முறை வண்டி ஏறும் முன் நான்கு காரியம் செய்யுங்கள். குழுவில் ஒருவரைச் சமையலுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பாக்குங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் பானையைத் தண்ணீர் காய்ச்சவே அடுப்பில் ஏற்றுங்கள். நன்றாகக் கொதித்து ஆறிய நீரே குடிக்கவும் பல் துலக்கவும் வேண்டும். மூன்றாவதாக, புழுங்கல் அரிசியும் பச்சைப்பயறும் கையோடு கொண்டு போங்கள். பயறை வீட்டிலேயே ஊறவைத்து எடுத்துப் போனால் அரிசியோடு ஒரே பானையில் வெந்துவிடும். மேலே கொஞ்சம் நல்லெண்ணெய், பக்கத்தில் சுட்ட கருவாடு. ஹோட்டலில் கிடைக்குமா இந்த ருசி? வழியில் சாப்பிட அம்மா கட்டிக் கொடுக்கும் புளிச்சோறு இருக்கவே இருக்கிறது. நான்காவதாக, மிச்சச் சோற்றையும் குப்பையையும் ஆற்றோரம் விடாதீர்கள். எலியை அழைப்பது அதுதான்.

இரவில் அடுப்பைச் சுற்றி உட்காரும்போது, துரியான் தீப்புஸ் கதையையும் சயாம் கதையையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த ரயில் பாதையிலிருந்து திரும்பி வந்தவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்கள் சொன்னதை இனி நாம்தான் சொல்ல வேண்டும்.