தாம்பரத்தில் கோலத்துக்கு இலக்கணம் எழுதியவர்கள்

அறிவியல், கணிதம், கலை மூன்றையும் கலந்தால் கற்பனை வளரும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், அடுத்த வரியிலேயே லியனார்டோ டா வின்சி வந்துவிடுவார். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் போய்த் திரும்பினால் வரும் தாம்பரத்தில் இதே கலவை நடந்திருக்கிறது. அதை யாரும் உதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இடம், சென்னை கிறித்தவக் கல்லூரி. 1837-ல் தொடங்கி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கல்லூரி. அங்கே புள்ளியியல் துறையில் இருந்தவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). அவர் மனைவி ராணி சிரோமணி (1929–2019) கணிதத் துறை. இவர்களோடு கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கான சர்வதேச ஆய்விதழ் அது. கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற சொல் இருந்தது. ஆமாம், நம் வாசல் கோலம்தான்!

கோலத்துக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1950களில் நோம் சாம்ஸ்கி, மொழியின் இலக்கணத்தைக் கணிதம் மாதிரி எழுத முடியும் என்று காட்டினார். ஒரு எழுத்தை இன்ன எழுத்துகளாக மாற்று என்று சில விதிகள். அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் நீளமான சரம் கிடைக்கும். 1968-ல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியல் அறிஞர், உயிரினங்களில் செல்கள் பெருகி வளர்வதை விளக்க இதே மாதிரி விதிகளை எடுத்துக்கொண்டார். 'அ' வந்தால் 'அஆ' என்று மாற்று, 'ஆ' வந்தால் 'அ' என்று மாற்று. அவ்வளவுதான் விதி. அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று வளரும். எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 5, அடுத்து 8. பிபனாச்சி வரிசை! இரண்டே விதி, அதிலிருந்து இவ்வளவு.

ஆனால் இதெல்லாம் ஒரே கோட்டில் ஓடும் சரம். படம் அப்படி இல்லை. வரியின் நடுவில் ஒரு எழுத்தைச் செருகினால் மற்றவை நகர்ந்து இடம் கொடுத்துவிடும். ஒரு சதுரக் கட்டத்தின் நடுவில் ஒரு கட்டத்தை மட்டும் செருகிப் பாருங்கள், அந்த வரிசை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு பரிமாணத்தில் இலக்கணம் எழுதுவதில் இதுதான் தலைவலி.

இதைக் கோலம் போடுகிறவர்கள் கையாளுவதைக் கவனியுங்கள். ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழு புள்ளியாக்க வேண்டுமானால் யாரும் நடுவில் ஒரு புள்ளியைத் திணிக்க மாட்டார்கள். முழு வரிசையாகவோ, ஒரு சுற்றாகவோதான் சேர்ப்பார்கள். தாம்பரத்துக்காரர்கள் எழுதிய இலக்கணமும் அதே வழியில், முழு வரிசைகளையும் முழு நிரல்களையும் ஒட்டிக்கொண்டே வளர்கிறது. சின்னக் கோலம், அதே குடும்பத்தின் பெரிய கோலம், அதைவிடப் பெரியது என எல்லாம் ஒரே விதித் தொகுப்பிலிருந்து வரும். கணினி அறிவியலில் இன்றும் 'கோலம் அணி இலக்கணம்' என்று அந்தத் தமிழ்ச் சொல்லோடே ஒரு வகை இருக்கிறது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், கணிதத்தை அழகாகக் காட்டக் கோலத்தை ஒட்டவைத்த கதை இல்லை இது. கணிதத்தில் விடை தேடிய ஒரு கேள்விக்கு வாசலில் ஒரு வழி இருந்தது.

கிஃப்ட் சிரோமணி இதோடு நிற்கவில்லை. 1978-ல் கலாக்ஷேத்ராவின் கலை இதழில் தென்னிந்தியக் கோலங்கள் பற்றி எழுதினார். அதே ஆண்டு அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி அடையாளம் காணும் முறை பற்றி வேறொரு கட்டுரை. தத்துவத் துறையின் மைக்கேல் லாக்வுட், தாவரவியலின் பி.தயானந்தன் ஆகியோரோடு சேர்ந்து 1974-ல் மாமல்லபுரம் பற்றி ஒரு புத்தகம். பல்லவர் சிற்பங்களின் உடல் அளவுகளை எடுத்துப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்ததும் உண்டு. புள்ளியியல், தத்துவம், தாவரவியல்... மூன்று பேரும் கிளம்பிப் போய்ச் சிற்பம் பார்த்திருக்கிறார்கள்! பதினொன்றாம் வகுப்பில் குரூப் பிரித்ததுமே "உனக்கு இனி சயின்ஸ் வேண்டாம்" என்று அனுப்பப்பட்ட காமர்ஸ் மாணவனான எனக்கு இது பொறாமையாகத்தான் இருக்கிறது.

சரி, நீங்களே செய்து பார்க்க ஒன்று. செவ்வகமாக நேர்ப்புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும், ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். இப்படிச் சிக்குக் கோலம் போட்டால் எத்தனை கம்பி வரும்? வரிசை எண்ணிக்கைக்கும் நிரல் எண்ணிக்கைக்கும் மீ.பொ.வ. எதுவோ அத்தனை. 3-க்கு 4 என்றால் மீ.பொ.வ. 1, கையை எடுக்காமல் ஒரே கம்பியில் முடியும். 4-க்கு 6 என்றால் இரண்டு கம்பி. 4-க்கு 4 என்றால் நான்கு. ஆப்பிரிக்காவில் அங்கோலாவின் சோக்வே மக்கள் மணலில் வரையும் 'சோனா' படங்களிலும் இதே விதி இருப்பதை மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பவுலஸ் கெர்டஸ் எழுதியிருக்கிறார். அங்கே வரைபவர்கள் ஆண்கள், இங்கே பெண்கள்.

1980களில் இந்த வேலை வெளியே பரவியது. பிரெமிஸ்லாவ் புருசின்கேவிச் லிண்டன்மேயரின் விதிகளைக் கொண்டு கணினியில் கோலம் வரைந்தார், அதில் ஒன்றின் பெயர் 'கிருஷ்ணரின் கொலுசு'. 2002-ல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் கோல மரபு பற்றி விரிவாக எழுதினார். சிரோமணி தம்பதியர் கடைசியாகக் கம்பிக் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். அதை முழுப் படமாகப் பார்க்காமல், நேராகப் போ, வலம் திரும்பு, இடம் வளை என்ற சில அசைவுகளின் தொடராக எழுதினார்கள். அந்தக் கட்டுரை 1987-ல் வந்தது. அடுத்த ஆண்டு கிஃப்ட் சிரோமணி காலமானார்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் இருக்கும், விதிக்கு அதைக் கண்டவர் பெயர் ஒட்டிக்கொள்ளும். கோலத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒற்றைக் கம்பியில் முடியும் சிக்குக் கோலத்தை முதலில் கண்டுபிடித்தவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் பல வாசல்களில் ஸ்டிக்கர் கோலம்தான். அதில் கம்பி எங்கே ஆரம்பித்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் படத்தைப் பார்த்து ஊகிக்கலாம், கையைப் பார்த்துக் கற்க முடியாது. மார்கழியில் தெருவில் யாராவது சிக்குக் கோலம் போட்டால் போனில் முடிந்த கோலத்தை மட்டும் எடுக்காதீர்கள், போடும்போதே வீடியோ எடுங்கள். போடுகிறவரிடம் கேட்டுவிட்டு, அவர் சம்மதித்தால் பெயரையும் சேர்த்து.