குளிரும் கூடலும்: பழ ஈ ஆய்வின் இரண்டு அறைகள்

ஆண் பழ ஈ பெண்ணை அணுகுவதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பெண்ணை நோக்கித் திரும்பி நிற்கும். முன்காலால் அதன் வயிற்றைத் தட்டும். பிறகு ஓர் இறக்கையை மட்டும் பக்கவாட்டில் விரித்து அதிரவைக்கும். பின்புறம் சென்று நக்கிப் பார்த்த பிறகே மேலேற முயலும். இதற்கிடையில் பெண் ஓடலாம், உதைக்கலாம், நின்று இடம் கொடுக்கவும் செய்யலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்தில் உருவான ஆல்ஃப்ரட் ஸ்டர்டிவன்ட் 1915-ல் இதை ஆராய்ந்து எழுதினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் முதல் மரபணு வரைபடத்தை அவர் வெளியிட்டிருந்தார். ஆண் ஈக்களின் இறக்கைகளை வெட்டிப் பார்த்தபோது பெண்கள் இணங்கக் கூடுதல் நேரம் பிடித்தது. இறக்கையின் அதிர்வுதான் பெண்ணை இசைய வைக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. பழ ஈயின் காதலை மரபியல் கண்கொண்டு பார்க்கும் மரபு இங்கிருந்து தொடங்குகிறது.

அந்த மரபு வளர்ந்ததெல்லாம் கண்ணாடிக் குப்பிக்குள், பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். 1956-ல் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த மார்கரெட் பாஸ்டக், மஞ்சள் உடல் தரும் ஒரே மரபணு மாற்றம் ஆண் ஈ இறக்கையை அதிரவைக்கும் அளவைக் குறைப்பதைக் காட்டினார். 1963-ல் குல்பீர் கில், பெண்ணை மட்டுமல்லாமல் ஆணையும் சுற்றிவரும் ஆண் ஈக்களைக் கண்டறிந்தார். ‘ஃப்ரூட்லெஸ்’ மரபணுவின் கதை அதில் தொடங்கியது. 2005-ல் வியன்னாவில் எபிரு டெமிரும் பேரி டிக்சனும் அந்த மரபணுவின் ஆண் வடிவத்தைப் பெண் ஈக்களில் இயங்கவைத்தபோது, அவை பிற பெண்களைத் தேடிச் சென்று ஆண் போலவே இறக்கை விரித்தன. மகத்தான வெற்றிதான். ஆனால் அந்த வெற்றியே ஒரு பிழையான பாகுபாட்டுக்கும் வலுச் சேர்த்தது. காதல் நரம்பு மண்டலத்தின் விஷயம், குளிரைத் தாங்குவது உடலின் விஷயம், இரண்டையும் தனித்தனியே ஆராயலாம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. இந்தப் பாகுபாடு ஈயின் உடலில் இல்லை என்பதே என் வாதம். பழ ஈ ஆய்வின் வரலாறே அதற்குச் சான்றுகளை வைத்திருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

குளிரின் கதை மலையில் தொடங்கியது. 1927-ல் லெனின்கிராடிலிருந்து மார்கனிடம் வந்த தியடோசியஸ் டோப்ஷான்ஸ்கி, கலிஃபோர்னியாவின் சான் ஹசின்டோ மலையில் டிரோசோபிலா சூடோஅப்ஸ்கூரா என்ற இனத்தை ஆண்டுக்கணக்கில் பிடித்து எண்ணினார். அதன் மூன்றாம் குரோமோசோமில் சில பகுதிகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். அப்படிப் பல வடிவங்கள் உண்டு. வசந்தத்தில் மிகுந்திருந்த ஒரு வடிவம் கோடை நெருங்கும்போது குறைந்தது, இன்னொன்று கூடியது, பருவம் மாறியதும் நிலைமை பழையபடி திரும்பியது. சில மாதங்களுக்குள் இயற்கைத் தேர்வு இப்படிக் கண்முன் நடக்கும் என்று அதுவரை அதிகம் பேர் நம்பியதில்லை. பிறகு ஆய்வகத்தில் கூண்டுகள் அமைத்து அதே வடிவங்களைப் போட்டிபோட விட்டார். 25 டிகிரியில் விகிதங்கள் விரைவாக மாறின. ஏறத்தாழ 16 டிகிரியில் வைத்த கூண்டுகளில் அசைவே இல்லை. எந்த மரபணு வடிவம் மேல் என்பது வெப்பநிலையைச் சொல்லாமல் கேட்கவே முடியாத கேள்வி என்று அந்தக் கூண்டுகள் சொல்லின. சோவியத் நாட்டில் நிகோலாய் துபீனினும் இதே வழியில், மாஸ்கோவிலும் சுற்றுக் கிராமங்களிலும் குளிர்காலம் ஈக்களை எப்படிச் சலித்தெடுக்கிறது என்று ஆராய்ந்துவந்தார். 1948-ல் மரபியலை மறுத்த லைசென்கோவின் கை ஓங்கியதும் அவருடைய ஆய்வகம் மூடப்பட்டது. அந்த இழப்பின் முழு அளவை இன்று கணக்கிடுவது கடினம்.

காதல், குளிர் என்ற இந்த இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு திறந்தது கொலம்பியாவிலேயே, டோப்ஷான்ஸ்கியின் வட்டத்தில். உக்ரைனில் பிறந்த மிஹைலோ வெத்துகிவ் 1958-ல் ஒரே மூலக் கூட்டத்தைப் பிரித்து ஆறு கூண்டுகளில் வளர்க்கத் தொடங்கினார்: 16, 25, 27 டிகிரி என ஒவ்வொன்றிலும் இரண்டு கூண்டுகள். மறு ஆண்டே அவர் இறந்துவிட, கூண்டுகளை மற்றவர்கள் காப்பாற்றினார்கள். 1964-ல் லீ எர்மன் அவற்றின் ஈக்களைக் கலந்துவிட்டுப் பார்த்ததில், தன் கூண்டைச் சேர்ந்த இணையையே நாடும் போக்கு லேசாகத் தலைகாட்டியிருந்தது. இணையைத் தேர்ந்தெடுக்கும்படி யாரும் அவற்றைப் பழக்கவில்லை. வெவ்வேறு வெப்பநிலையில் தலைமுறைகள் கடந்ததுதான் நடந்தது. இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பிரித்து வைத்த எந்தச் சிறு கூட்டமும் தற்செயலாகவே வேறுபடும், அதற்கு வெப்பநிலை எதற்கு என்று கேட்கலாம். எர்மனின் முடிவை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் 1980-ல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிலியாஸும் அவருடைய சகாக்களும் ஆய்வகங்களின் வழக்கமான பழ ஈயான டிரோசோபிலா மெலனோகாஸ்டரில் சில கூட்டங்களைக் குளிர்ந்த, வறண்ட இருளிலும் மற்றவற்றை வெதுவெதுப்பான, ஈரப்பதமுள்ள வெளிச்சத்திலும் பல ஆண்டுகள் வளர்த்தார்கள். எதிரெதிர்ச் சூழலில் வளர்ந்தவை ஒன்றையொன்று தவிர்த்தன. ஒரே சூழலில் தனித்தனியே வளர்ந்தவற்றுக்கிடையே அந்த விலகல் இல்லை. தற்செயல்தான் காரணம் என்றால் இரண்டிலும் அது தெரிந்திருக்க வேண்டும். குளிரோடு வறட்சியும் இருளும் கலந்திருந்ததால், குளிரின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. சூழலுக்குப் பழகுவது காதலின் போக்கையும் மாற்றும் என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னது.

எப்படி மாற்றுகிறது என்று கேட்டபோதுதான் உண்மையான சண்டை மூண்டது. மெலனோகாஸ்டரின் தாயகம் ஆப்பிரிக்கா. மனிதர்களோடு அது உலகெங்கும் பரவியது. ஜிம்பாப்வேயின் பெண் ஈக்கள் பிற நாட்டு ஆண்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பது 1995-ல் சுங்-இ வூவின் குழு வெளியிட்ட செய்தி. பெண் ஈயின் தோலில் ஒரு மெழுகுப் படலம் உண்டு. ஆண் முன்காலால் தட்டுவதே அதன் சுவையை அறியத்தான். ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் அந்தப் படலத்தின் முக்கியப் பொருள் ஒரு வகை, மற்ற இடங்களில் வேறு வகை. இரண்டுக்கும் வித்தியாசம் மூலக்கூறின் ஓர் இரட்டைப் பிணைப்பு எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான். அதைத் தீர்மானிப்பது டெசாச்சுரேஸ்-2 என்ற மரபணு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பெரும்பாலான ஈக்களில் அதன் முகப்பில் 16 எழுத்துகள் அழிந்துபோய் மரபணு ஊமையாகிவிட்டது. 2003-ல் கிரீன்பெர்க்கும் வூவின் குழுவினரும் அந்த ஒரு மரபணுவை மட்டும் மாற்றிவைத்து, இயங்கும் வடிவம் உள்ள ஈக்கள் பட்டினியைக் கூடுதலாகவும் குளிரைக் குறைவாகவும் தாங்குவதாக அறிவித்தார்கள். குளிர்நாட்டுக்குக் குடியேறிய ஈயின் மரபணு ஒன்று அடங்கியது, உடல் குளிருக்குப் பொருந்தியது, கூடவே காதலின் வாசனையும் மாறியது என்ற இந்தச் சித்திரம் கேட்பதற்கு மிக அழகானது.

2006-ல் ஜெரி கோய்னும் எல்வினும் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். குளிரிலும் வேறுபாடு தெரியவில்லை, இணைத் தேர்விலும் தெரியவில்லை. முதல் குழு தன் முடிவுகளில் உறுதியாக நின்றது. கோய்னின் மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மரபணு குளிரையும் காதலையும் சேர்த்துத் திருப்பியது என்று சொல்ல இந்தச் சான்று போதாது. ஆனால் டெசாச்சுரேஸ்-2 தோற்றால் குளிருக்கும் காதலுக்கும் உள்ள உறவே தோற்றுவிட்டது என்று சிலர் எடுத்துக்கொண்டது தவறு. பல ஆயிரம் மரபணுக்களில் ஒன்றன் மீதான வழக்கு அது, அவ்வளவே.

உறவு ஒரு மரபணுவில் இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? அது உடலின் பொதுச் சொத்தில் இருக்கிறது. மெழுகுப் படலம் ஈயின் நீரைக் காக்கும் முக்கிய மேலுறை. அதே படலம்தான் இணைக்குத் தரும் அடையாளமும். 2014-ல் ஹென்றி சங், ஷான் கேரல் குழுவினர் ஆஸ்திரேலியாவின் டிரோசோபிலா செராட்டாவில் எம்ஃபாஸ் என்ற மரபணுவை அடக்கியபோது, ஈக்கள் வறட்சியில் விரைவில் மடிந்தன, ஆண்கள் இணைசேரும் வாய்ப்பும் குறைந்தது. இது வறட்சியின் கதை, குளிரின் கதையல்ல என்று மறுக்கலாம். ஆனால் குளிர் பூச்சியைச் சாய்க்கும் வழியும் நீரையும் உப்பையும் ஒட்டியதுதான்: உடல் குளிர்ந்ததும் அயனிகளைச் சமன்செய்யும் ஏற்பாடு தளர்ந்து, இரத்தநீரில் பொட்டாசியம் ஏறி, நரம்பும் தசையும் செயலிழந்து ஈ மயங்கி விழுகிறது. ஆண் ஈயின் இறக்கை அதிர்வுதான் அதன் காதல் பாட்டு; அதை எழுப்புவதும் அதே தசைதான். வெப்பநிலை மாறினால் பாட்டின் வேகம் மாறும்.

இவையெல்லாம் கூண்டுக்கு வெளியே ஒன்றுசேர்வதைப் பார்க்க ஃபின்லாந்து போக வேண்டும். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே ஓலங்காவில், ஆற்றங்கரை மரங்களை ஒட்டி வாழும் டிரோசோபிலா மொண்டானாவை அன்னெலி ஹோய்க்கலாவும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். கோடை முடிவில் பகல் குறுகுவதை உணர்ந்ததும் புதிதாக வளர்ந்த பெண்ணின் சூலகம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். குளிர்காலத்தைக் கடந்தவையே வசந்தத்தில் இணைசேரும். பாட்டுக் கேட்காமல் இந்தப் பெண் இணங்காது. குறுகிய துடிப்புகளால் ஆன, சுருதி உயர்ந்த பாட்டையே விரும்பும். 1998-ல் ஹோய்க்கலா குழு வெளியிட்ட முடிவின்படி, சுருதி உயர்ந்த ஆணின் சந்ததியில் முட்டையிலிருந்து முழு ஈயாக வளர்ந்தவற்றின் விகிதமும் கூடியிருந்தது. குளிருக்கான ஏற்பாடும் இதே உடலில் ஓடுகிறது: 2016-ல் வெளியான ஆய்வில், இனோசிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருளைத் தயாரிக்கும் மரபணுவை அடக்கியபோது 5 டிகிரியில் ஈக்கள் மிகுதியாக மடிந்தன, 19 டிகிரியில் மடியவில்லை. கொலராடோ, வான்கூவர், ஓலங்கா ஈக்களை ஒன்றோடொன்று சேரவிட்டால் ஓரளவு விலகலும் தெரிகிறது. எந்த நாளில் விழித்து எழுவது என்பது குளிரின் கணக்கு. அன்று எழுந்தவற்றுக்கிடையேதான் பாட்டும் தேர்வும். காலம் தவறி எழுந்த ஆண் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் கேட்க ஆளிருக்காது.

ஆகவே டெசாச்சுரேஸ்-2 வழக்கை முடிவில்லாமல் விட்டுவைக்கக் காரணமில்லை. அன்று ஒரு மரபணுவைத் துல்லியமாக மாற்றுவதே பெரும்பாடு. இன்று கிரிஸ்பர் முறையில் அதை மிக விரைவாகச் செய்யலாம். ஒரே மாற்றத்தை ஆப்பிரிக்க, ஐரோப்பிய, ஆசிய ஈக்களின் பல மரபணுப் பின்னணிகளில் செய்ய வேண்டும். அதே ஈக்களைக் குளிரிலும் வைக்க வேண்டும், அதே குளிரில் இணைசேரவும் விட வேண்டும். 25 டிகிரியில் எடுத்த விடையை மட்டும் வைத்துக்கொண்டு இரு தரப்பாரும் இன்னொரு இருபது ஆண்டுகள் வாதாடுவதில் பயனில்லை.